ரேங்க் திடீரென்று விழுந்துவிட்டதா? முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

நேற்றுவரை கூகுள் தேடல் முடிவுகளில் முதல் பக்கத்தில் நின்ற தளம் இன்று தேடினால் கண்ணிலேயே படவில்லை, வருகையைக் காட்டும் கிராஃப் மாடியிலிருந்து குதித்த மாதிரி இறங்கியிருக்கிறது என்றால் யாருக்குமே கை பரபரக்கத்தான் செய்யும். தலைப்பையெல்லாம் மாற்றிவிடலாமா, பழைய கட்டுரைகளைத் தூக்கிவிடலாமா, டிசைனை மாற்றினால் சரியாகுமா என்று ஒரே ராத்திரியில் பத்து வேலை செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். தளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. விழுந்ததால் வந்த நஷ்டத்தைவிட, விழுந்த பிறகு பதறியடித்துக்கொண்டு எதையோ செய்ததால் வந்த நஷ்டம் பெரிதாகிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் பத்தையும் மாற்றிவிட்டால் எது குணமாக்கியது, எது இன்னும் கெடுத்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

ஆகவே முதல் நாள் வேலை முழுக்கப் பார்ப்பதுதான். எது விழுந்தது, எந்தப் பக்கங்களில் விழுந்தது, எந்தத் தேதியிலிருந்து விழுந்தது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை தளத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

விழுந்தது ரேங்க்தானா?

அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி) எண்ணிக்கை குறைந்ததுமே கூகுள் நம்மைத் தூக்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. பக்கத்தில் அதன் ட்ராக்கிங் கோடு (வருகையைப் பதிவு செய்யும் சிறு நிரல்) ஓடினால்தான் அனலிட்டிக்ஸ் வருகையை எண்ணும். புது டிசைன் ஏற்றும்போது கோடு விடுபட்டிருக்கலாம். குக்கீ அனுமதி கேட்கும் பெட்டி ஒன்றைப் புதிதாக வைத்திருக்கலாம், அதில் 'வேண்டாம்' என்று அழுத்தியவர்கள் எல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கலாம். கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவி) வரும் கிளிக் எண்ணிக்கை கூகுளின் பக்கத்திலேயே எண்ணப்படுவது, அதற்கு உங்கள் கோடு தேவையில்லை. அங்கே கிளிக் குறையவில்லை என்றால் ரேங்க் விழவே இல்லை, விடுபட்ட நிரலைத் தேடுங்கள்.

சரி, அங்கேயும் குறைந்திருக்கிறது. இப்போது கிளிக், இம்ப்ரெஷன் (உங்கள் பக்கம் தேடல் முடிவில் எத்தனை தடவை காட்டப்பட்டது), சராசரி இடம் (முடிவுகளில் எத்தனையாவதாக நின்றது) மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்தால், உங்கள் இடத்தை யாரும் பிடிக்கவில்லை. உங்களுக்கு மேலே வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. விளம்பரம், வீடியோ வரிசை, இல்லையென்றால் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிப் பிறகு மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோன ஏஐ ஓவர்வியூ, அதாவது முடிவுகளுக்கு மேலே கூகுளே எழுதிக் காட்டும் பதில். பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் யார் உள்ளே வருவார்கள்? இடம் நன்றாக இருந்து இம்ப்ரெஷன் குறைந்தால், அந்த விஷயத்தைத் தேடுகிறவர்களே குறைந்திருக்கலாம். அந்தச் சொல்லை கூகுள் ட்ரெண்ட்ஸில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பரீட்சை சமயத்தில் ஏறுகிற பக்கம் பரீட்சை முடிந்ததும் இறங்கத்தான் செய்யும், அதற்கு மருந்து கிடையாது. மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் உண்மையான ரேங்க் சரிவு.

சராசரி இடம் என்ற எண்ணை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள், சந்தோஷமும் படாதீர்கள். உங்கள் பக்கம் காட்டப்பட்ட தேடல்களுக்கு மட்டும் எடுக்கும் சராசரி அது. புதிதாக ஐம்பது சொற்களுக்கு ஆறாவது பக்கத்தில் தெரிய ஆரம்பித்தால் சராசரி மோசமாகும், ஆனால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. 2025 செப்டம்பரில் இதற்கு நேரெதிராக நடந்தது. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டச் சொல்லும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது, உடனே பல தளங்களில் இம்ப்ரெஷன் சரிந்து சராசரி இடம் 'முன்னேறியது'. அதுவரை இம்ப்ரெஷனாக எண்ணப்பட்டதில் ஒரு பகுதி மனிதர்கள் பார்த்ததே அல்ல, ரேங்க் பார்க்கும் கருவிகள் தோண்டியது என்றுதான் பலரும் கணித்தார்கள். கிளிக் அசையவில்லை. அதைப் பார்க்காமல் இம்ப்ரெஷனை மட்டும் பார்த்தவர்கள் வீணாகத் தூக்கம் கெட்டார்கள்.

ஒப்பிடும்போது இந்தத் திங்களை ஞாயிற்றோடு ஒப்பிடாதீர்கள். 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடும், போன வருடத்தின் அதே 28 நாளோடும் வைத்துப் பாருங்கள். 16 மாதத் தரவு சர்ச் கன்சோலிலேயே இருக்கிறது, இந்த ஒப்பீட்டுக்கு அது போதும். கடைசி ஓரிரு நாள் எண்கள் இன்னும் முழுதாக வந்து சேராதவை, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்னொன்று, 'கூகுள் ட்ராஃபிக்' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தேடலிலிருந்து வந்ததா, போனில் தானாக வந்து நிற்கும் டிஸ்கவரிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். டிஸ்கவர் வருகை காற்றில் பறக்கிற காகிதம் மாதிரி, நேற்று வரும், இன்று வராது. அது போனால் ரேங்க் போனதாக அர்த்தமில்லை.

நீங்களே உங்கள் போனில் தேடிப்பார்த்து "மூணாவது இடத்தில்தானே இருக்கிறேன்" என்று சொல்வதும் சாட்சியாகாது. இருக்கும் இடம், மொழி, முன்பு தேடியவை எல்லாம் முடிவை மாற்றும்.

பக்கம் பக்கமாகப் பிரியுங்கள்

முழுத் தளத்தின் கிராஃப்பை எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது எதுவும் சொல்லாது. ஒப்பீட்டைப் போட்டு, பக்கங்கள் என்ற தாவலுக்குப் போய், கிளிக் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். அதிகம் இழந்த பத்துப் பக்கங்கள் மேலே வரும். பாதி நேரம் இந்த ஒரு பட்டியலிலேயே விடை இருக்கும். இழப்பில் பெரும்பங்கு இரண்டே பக்கங்களுக்குப் போயிருந்தால் அது அந்த இரண்டு பக்கத்தின் பிரச்சினை, தளத்தின் பிரச்சினை அல்ல. ஒரே பிரிவுக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பிரிவின் டெம்ப்ளேட்டையோ (அதன் பக்கங்களுக்கெல்லாம் பொதுவான அச்சு) தரத்தையோ பாருங்கள். எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருந்தால் சர்வர், ஹேக், தண்டனை, அல்லது கூகுள் வரிசைப்படுத்தும் முறையில் (அல்காரிதம்) பெரிய மாற்றம்.

அப்புறம் சாதனம், நாடு இரண்டையும் பிரித்துப் பாருங்கள். போனில் மட்டும் விழுந்திருந்தால் போன் வடிவத்தில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் இப்போது இண்டெக்ஸ் செய்வது (தன் தேடல் பட்டியலில் சேர்ப்பது) போன் வடிவத்தைத்தான். டெஸ்க்டாப்பில் அழகாக இருக்கும் பாதிக் கட்டுரை போனில் இல்லவே இல்லை என்றால் கூகுளுக்கும் அது இல்லை.

விழுந்த தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் தளத்தில் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: ஹோஸ்டிங் மாற்றம், ப்ளகின் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் மென்பொருள்) அப்டேட், முகவரி மாற்றம், மெனுவிலிருந்து எடுத்த லிங்க், எல்லாம். "ஒண்ணும் செய்யலையே" என்பதுதான் முதல் பதிலாக வரும். பத்து நிமிடம் கழித்து, "ஒரு சின்ன மாற்றம்தான்..." என்று ஆரம்பிப்பார்கள்.

நம் கையாலேயே போட்ட பூட்டு

ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தளத்துக்குப் புது டிசைன் ஏற்றினோம். முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது வாரம் கிளிக் கொஞ்சம் இறங்கியது, மூன்றாவது வாரம் இன்னும் கொஞ்சம். செங்குத்தாக விழவில்லை, சரிவுப் பாதையில் வண்டி உருள்கிற மாதிரி. அதனாலேயே நான் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைக்கவில்லை. போட்டித் தளங்கள் முந்துகின்றன என்று நினைத்து, நான்கு கட்டுரைகளை உட்கார்ந்து திருத்தி எழுதினேன். திருத்திய ஒன்றை மறுபடி இண்டெக்ஸ் செய்யச் சொல்லலாம் என்று சர்ச் கன்சோலில் அதன் முகவரியைப் போட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் இண்டெக்ஸிலேயே இல்லை. காரணமும் அங்கேயே எழுதியிருந்தது: நோஇண்டெக்ஸ், அதாவது 'இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே' என்ற உத்தரவு.

பக்கத்தின் சோர்ஸைத் திறந்து ஹெட் பகுதியில் தேடினேன். ஒரே ஒரு வரி. சோதனைத் தளத்தில் வேலை நடந்தபோது கூகுள் எடுத்துவிடக் கூடாதே என்று போட்டது, கட்டுரை டெம்ப்ளேட்டில் மட்டும் அப்படியே கூட வந்துவிட்டது. முகப்புப் பக்கத்துக்கு வேறு டெம்ப்ளேட், அதில் அந்த வரி இல்லை. நாங்கள் எல்லோரும் ஏற்றிய அன்று முகப்பை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்த் தூங்கியிருக்கிறோம். கூகுள் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி வரும்போதுதான் அந்த வரியைப் பார்க்கும், பார்த்த அன்று அந்தப் பக்கத்தை எடுத்துவிடும். அதனால்தான் சரிவு மெதுவாக இருந்தது. அன்றிலிருந்து, ட்ராஃபிக் குறைந்தது என்று யார் சொன்னாலும் என் முதல் வேலை, அதிகம் இழந்த ஐந்து பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலில் ஒரு பக்கத்தைச் சோதிக்கும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போடுவது.

அந்தக் கருவியில் நான்கு விஷயம் பாருங்கள். பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறதா. க்ரால் செய்ய (கூகுளின் நிரல் வந்து படிக்க) அனுமதி இருக்கிறதா. கடைசியாக க்ரால் செய்தது எப்போது. கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல் முகவரியும் (ஒரே மாதிரிப் பக்கங்களில் இதுதான் அசல் என்று கொள்ளும் முகவரி) நீங்கள் சொன்ன முகவரியும் ஒன்றுதானா. கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு ப்ளகின் தவறாக எல்லாப் பக்கத்துக்கும் முகப்பையே கேனானிக்கலாகச் சொல்லியிருந்தால், உங்கள் கட்டுரைகளெல்லாம் முகப்பின் நகல் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் 'லைவ் டெஸ்ட்' போட்டு, கூகுளுக்குக் கிடைத்த எச்டிஎம்எல்லில் உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் உள்ளடக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஃபயர்வால் கூகுள்பாட்டை (பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரல்) வெளியாள் என்று நினைத்துத் தடுக்கிறது.

வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற இடத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்கிற ஒரு டிக் பெட்டி இருக்கிறது. சிரிக்காதீர்கள், போய்ப் பாருங்கள். ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் robots.txt) டிஸ்அலோ என்பதற்குப் பக்கத்தில் வெறும் ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால் தளம் முழுவதற்கும் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம். அந்தக் கோப்பைக் கேட்கும்போது சர்வர் 500 வகைப் பிழை கொடுத்தாலும் ஆபத்துதான், முதல் 12 மணி நேரம் கூகுள் தளத்தை க்ரால் செய்வதையே நிறுத்திவைக்கும். சர்ச் கன்சோலின் செட்டிங்ஸுக்குள் இருக்கும் க்ரால் ஸ்டாட்ஸில் 90 நாள் வரலாறு இருக்கிறது. சர்வர் இருமிக்கொண்டிருந்த நாட்கள் அங்கே தெரியும்.

முகவரிகளை மாற்றியிருந்தால் பழைய ஒவ்வொரு முகவரியும் அதற்கு நிகரான புதுப் பக்கத்துக்கு 301 (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிவிடும் குறி) வழியாகப் போகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறிகளின் வழி, கூகுள் அதைப் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். பழைய முகவரிகள் என்னவென்றே மறந்துபோயிருந்தால் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் தளம்) பழைய தளத்தைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். போட்ட 301-ஐக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வையுங்கள்.

ஹேக்கும் தண்டனையும்

சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இஷ்யூஸ் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. இரண்டையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இரண்டும் காலி என்றால் கூகுளில் எந்த மனிதரும் உங்களுக்குத் தண்டனை போடவில்லை, அந்தக் கவலையை அத்தோடு விட்டுவிடலாம்.

செக்யூரிட்டி காலியாக இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கூகுளில் site: என்று போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய எழுத்துப் பக்கங்களோ, சூதாட்டம், மருந்து விற்பனை என்று சம்பந்தமில்லாத தலைப்புகளோ வந்தால் தளத்துக்குள் ஆள் புகுந்துவிட்டார்கள். அதைக் கிளிக் செய்து பார்த்தால் பல சமயம் சாதாரணமாகவே தெரியும், ஏனென்றால் அப்போது அந்தக் குப்பை கூகுள்பாட்டுக்கு மட்டும் காட்டப்படும். அதனால் லைவ் டெஸ்ட்டில் பாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். சர்ச் கன்சோலில் உங்களுக்குத் தெரியாத உரிமையாளர் யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

தண்டனை வந்திருந்தால், சொன்ன குற்றத்தை முழுதாகச் சரிசெய்துவிட்டு மறுபரிசீலனை விண்ணப்பம் அனுப்புங்கள். என்ன தவறு, என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் எழுத வேண்டும். கெஞ்சல், கோபம் இரண்டும் வேலைக்கு ஆகாது. பாதி சரிசெய்துவிட்டு அனுப்பினால் திரும்பி வரும், மறுபடி நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எதுவுமே தப்பில்லை, ஆனாலும் விழுந்தது

இதுதான் கஷ்டமான கேஸ். கூகுள் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு என்ற பக்கத்தில் கோர் அப்டேட் (வரிசைப்படுத்தும் முறையில் செய்யும் பெரிய மாற்றம்), ஸ்பாம் அப்டேட் (விதியை மீறும் பக்கங்களைப் பிடிக்கச் செய்யும் மாற்றம்) எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தேதியோடு போடுகிறார்கள். நீங்கள் எழுதி வைத்த தேதி அதற்குள் விழுகிறதா பாருங்கள். விழுந்தால், அப்டேட் முடியும்வரை பொறுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய கோர் அப்டேட் முடிய 45 நாள் ஆனது. அந்த 45 நாளில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய தளங்கள் உண்டு. நடுவில் கை வைத்தவர்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். முடிந்த பிறகும் ஒரு வாரம் விட்டு, அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறது கூகுளே.

இரண்டாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் பக்கத்தை அதற்காகக் கிண்டுவது புண்ணைச் சொறிவது மாதிரி. நான்கிலிருந்து 29-க்குப் போயிருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அதிகம் இழந்த பக்கம் ஒன்றை எடுங்கள், ஒன்று போதும். அதற்குக் கிளிக் கொண்டுவந்த முக்கியமான சொல்லை எடுத்துத் தேடி, இப்போது முதல் பத்தில் இருப்பவற்றை நிஜமாகவே திறந்து படியுங்கள். உதாரணத்துக்கு, 'லேப்டாப் சூடாவது ஏன்' என்று நீங்கள் 2,000 வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். முதல் ஐந்து பத்தியில் லேப்டாப் என்றால் என்ன, அதன் முக்கியத்துவம் என்ன என்று சுற்றிவளைத்து, ஆறாவது பத்தியில்தான் காற்றுத் துளையில் தூசி அடைவதைப் பற்றி வருகிறது. இப்போது முதலிடத்தில் இருப்பவர் லேப்டாப்பைத் திறந்து, தூசி படிந்த விசிறியைத் தானே படம் எடுத்துப் போட்டு, சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறார். அவருக்கு அடுத்து இரண்டு வீடியோ, அப்புறம் ஒரு கேள்வி பதில் திரி. உங்கள் பக்கத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் தேடி வந்தவர் எதற்காக வந்தாரோ அது உங்கள் பக்கத்தில் ஆறாவது பத்திவரை இல்லை, அதையும் நீங்கள் கையால் செய்து பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. இதைத் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஒட்டவைக்க முடியாது, பக்கத்தைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

சில நேரம் முதல் பத்தில் கட்டுரையே இருக்காது, எல்லாம் வாங்கும் பக்கங்களாகவோ வீடியோவாகவோ மாறியிருக்கும். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களுக்கு வேண்டியதே மாறிவிட்டது என்று கூகுள் முடிவு செய்திருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை.

செய்யக் கூடாத சில: உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றுவது, பழைய பக்கங்களைக் கும்பலாக அழிப்பது (சரிசெய்யவே முடியாத குப்பை என்றால் மட்டும் அழிக்கலாம்), ஏஐ கருவியில் நூறு பக்கம் தட்டி ஏற்றுவது. கடைசியாகச் சொன்னதற்கு 2024 மார்ச் முதல் கூகுளின் ஸ்பாம் விதிகளில் தனிப் பெயரே இருக்கிறது, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ரேங்குக்காக மட்டும் மொத்தமாகக் குவித்தால் அது ஸ்பாம்தான்.

வேறு தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் லிங்க் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. "உங்கள் தளத்துக்கு நச்சு லிங்க் வந்திருக்கிறது, சுத்தம் செய்து தருகிறோம்" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். டிஸ்அவௌ கருவி (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது), காசு கொடுத்து லிங்க் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு. மற்றவர்கள் அதைத் தொட்டால் நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடும் வாய்ப்பு அதிகம். காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால்தான் இத்தனை நாள் மேலே இருந்தீர்கள், ஸ்பாம் அப்டேட் அவற்றின் மதிப்பைப் பறித்துவிட்டது என்றால், அந்தப் பழைய உயரம் திரும்பாது.

எத்தனை நாளில் திரும்பும்?

காரணத்தைப் பொறுத்தது. பூட்டைத் திறந்தால் ஆட்கள் வர ஆரம்பிப்பது மாதிரி, நோஇண்டெக்ஸ், ரோபோட்ஸ் பிரச்சினைகள் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சரியாகும். கோர் அப்டேட்டில் விழுந்தது மாதக்கணக்கு. நீங்கள் பக்கங்களை நன்றாக்கிய பிறகும் சில சமயம் அடுத்த கோர் அப்டேட் வரும்வரை பெரிய அசைவு தெரியாது. அதுவரை ஒரு சாதாரணத் தாளிலோ எக்செல்லிலோ தேதி, பக்கம், என்ன மாற்றினேன் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வகை மாற்றம் மட்டும். தினமும் கிராஃப் பார்ப்பதை நிறுத்தி வாரம் ஒரு நாள் பாருங்கள், இல்லையென்றால் கை மறுபடி பரபரக்கும்.

நான் சொன்ன அந்தத் தளத்தில், வரியை எடுத்த அன்றே முக்கியமான பதினைந்து பக்கங்களுக்கு இண்டெக்ஸ் கோரிக்கை கொடுத்தேன் (ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, அதனால் எது முக்கியம் என்று முன்னமே முடிவு செய்துகொள்ளுங்கள்), சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) கடைசியாகத் திருத்திய தேதிகளைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். கூகுள் அடிக்கடி வந்து பார்க்கும் பக்கங்கள் நான்கு நாளில் திரும்பின. அடியில் கிடந்த பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றாக வந்துசேர ஏழு வாரம் ஆனது. பதறிப்போய்த் திருத்தினேனே நான்கு கட்டுரை, அவற்றில் இரண்டு பழைய இடத்துக்கு வரவே இல்லை. கடைசியில் அந்த இரண்டிலும் பழைய வடிவத்தையே எடுத்துத் திரும்பப் போட்டேன்.